காலைப் பிரட்டுக்கு யார் யார் வர வேண்டும்?
(லெப்டொப் மெதுவாகத் திறக்கிறதா? இதைப் படியுங்கள்)

பிள்ளைகளின் படிப்புக்காகச் சீட்டுப் போட்டோ கடன்பட்டோ லெப்டொப் வாங்கிய வீடுகள் இன்று நமது லயங்களில் பல உண்டு. அப்படி வாங்கிய ஒரு தாய் அண்மையில் எம்மிடம் வந்தார். "சுவிட்ச போட்டுட்டு, தேத்தண்ணி ஊத்திக் குடிச்சி முடிச்ச பொறகுதாங்க அது தெறக்குது. கடையில காட்டினா, மெஷின் பழசாப் போச்சி, வேற வாங்குங்கன்னு சொல்றாங்க" என்று வருத்தப்பட்டார். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இன்னொரு லெப்டொப் வாங்க அவர் எங்கே போவார்?

நாம் திறந்து பார்த்தோம். மெஷினில் பழுது எதுவும் இல்லை. சுவிட்சைப் போட்டவுடன் பதினேழு புரோகிராம்கள் ஒன்றாக எழும்பி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் மகள் பாவிப்பவை இரண்டே இரண்டு. ஐந்து சதமும் செலவில்லாமல் அரை மணி நேரத்தில் விடயம் சரியாயிற்று. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே விளக்குகிறோம்.

ஏன் இப்படி ஆகிறது?

பிரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். கவ்வாத்து இல்லாத நாளில் கவ்வாத்துக் கத்தியோடு இருபது பேர் வந்து நின்றால் என்ன ஆகும்? இடம் அடைபடும், பேர் போட நேரம் போகும், கொழுந்தெடுக்கப் போகிறவர்களும் தாமதமாவார்கள்.

லெப்டொப்பிலும் இதுதான் நடக்கிறது. செய்த கம்பெனி தனது புரோகிராம்கள் சிலவற்றைப் போட்டே விற்கிறது. வேறு கம்பெனிகளின் இலவசச் சோதனைப் பிரதிகளும் கூடவே வருகின்றன. பிறகு நாம் போடும் புரோகிராம்களிலும் பல, நம்மைக் கேளாமலே காலைப் பிரட்டில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்கின்றன.

பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது எப்படி?

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் திறக்கும். வின்டோஸ் 11 ஆனால் இடது பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். வின்டோஸ் 10 ஆனால் மேலே 'ஸ்டார்ட்அப்' என்றிருக்கும். சிறிய பெட்டியாக மட்டும் வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை முதலில் அழுத்த வேண்டும்.

அங்கே ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று எழுதியிருக்கும். தொடக்கத்தில் அது எவ்வளவு பாரம் கொடுக்கிறது என்பதே இதன் பொருள். 'ஹை' என்றால் கெட்டது என்று நினைத்து விடக் கூடாது. தேவையான ஒன்றும் 'ஹை'யாக இருக்கலாம், தேவையில்லாத ஒன்றும் 'லோ'வாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது காலையில் தானாக வராவிட்டால் நமக்கு என்ன கெட்டுப் போகும்?"

தயங்காமல் நிறுத்தக் கூடியவை

டீம்ஸ், சூம், ஸ்பொட்டிபை, போன் லிங்க், எட்ஜ் போன்றவை. வேண்டிய நேரத்தில் நாமே திறந்தால் இவை வழக்கம் போல் வேலை செய்யும். லெப்டொப் கம்பெனியின் வரவேற்பு, விளம்பரம், பதிவு செய்யச் சொல்லும் புரோகிராம்களும் இந்த வகைதான்.

கை வைக்கக் கூடாதவை

வின்டோஸ் செக்கியூரிட்டி என்ற பெயருள்ளது. வைரஸ் பற்றிய எச்சரிக்கையை நமக்குக் காட்டுவது அது. ரியல்டெக் என்பது சத்தத்தோடு சம்பந்தப்பட்டது. சினெப்டிக்ஸ், எலான் என்பவை விரலால் தடவும் பலகையோடு சம்பந்தப்பட்டவை. இவற்றை நிறுத்தினால் சில வசதிகள் இல்லாமல் போகலாம்.

யோசித்துச் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒன்ட்ரைவ். பிள்ளையின் பாடக் குறிப்புகளை இன்டர்நெட்டில் பிரதி எடுத்து வைப்பது இதன் வேலை. இதற்கு டேட்டா செலவாகும் என்பது உண்மை. ஆனால் பிள்ளை இதை நம்பியிருக்கும்போது நாம் நிறுத்திவிட்டால் புதிய குறிப்புகள் பிரதியாகாது. நாளை லெப்டொப் விழுந்து உடைந்தால் ஒரு தவணையின் உழைப்பே போய்விடும். ஆகவே பிள்ளையைக் கேட்காமல் இதில் கை வைக்க வேண்டாம். நிறுத்துவதானால் குறிப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்த பிறகு நிறுத்துங்கள்.

இரண்டாவது, தமிழில் டைப் செய்யும் புரோகிராம். ஈ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றை நிறுத்தினால், ஒவ்வொரு முறையும் நாமே திறந்த பிறகுதான் தமிழ் எழுத்து வரும்.

மூன்றாவது, சோதனைக் காலம் முடிந்துபோன வைரஸ் தடுப்பு. "காசு கட்டு, காசு கட்டு" என்று தினமும் கேட்டுக்கொண்டிருப்பது இதுதான். இதைப் பிரட்டில் நிறுத்தினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் முழுதாக அகற்றி விடுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து, வின்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து, வின்டோஸுடன் இலவசமாக வரும் டிபென்டர் பொறுப்பெடுத்துக் கொண்டதா என்று கட்டாயம் பாருங்கள். காவல்காரனை அனுப்பிவிட்டு வீட்டைத் திறந்து போட்டு வைக்கக் கூடாது.

செய்யும் முறை

பெயரின் மேல் வலது பக்க பொத்தானை அழுத்தி 'டிசேபிள்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். இதனால் அந்தப் புரோகிராம் அழிந்து போவதில்லை. செக்ரோலில் பெயர் இருக்கும், காலைப் பிரட்டுக்கு மட்டும் வராது. திரும்ப வேண்டுமானால் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்தால் சரி.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்றை நிறுத்தி, எதை நிறுத்தினோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ரீஸ்டார்ட் செய்து, சத்தம், வைபை, தமிழ் எழுத்து எல்லாம் சரியா என்று பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். பெயர் தெரியாத ஒன்று இருந்தால் விட்டுவிட்டு, தெரிந்தவரிடம் கேளுங்கள். "லெப்டொப்பை வேகமாக்குகிறோம்" என்று இன்டர்நெட்டில் வரும் புரோகிராம்களை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். அவையும் பிரட்டில் இன்னொரு ஆளாக வந்து நிற்கும், சிலவற்றோடு வைரஸும் வரும்.

இவ்வளவும் செய்தும் மெதுவாகவே இருந்தால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் காரணமாக இருக்கலாம். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் நல்ல மாற்றம் தெரியும். அதற்குச் செலவு உண்டு, என்றாலும் புது லெப்டொப் வாங்கும் செலவில் சிறு பங்குதான். கடைக்காரர் "வேற வாங்குங்க" என்று சொன்னால், "எஸ்.எஸ்.டி. மாத்தினா சரிவருமா?" என்று முதலில் கேளுங்கள்.

அந்தத் தாயின் மகள் இப்போது தேத்தண்ணி ஆறுவதற்கு முன்பே பாடத்தைத் திறந்து விடுகிறாளாம். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து, உங்கள் வீட்டுப் பிரட்டுப் பட்டியலை ஒரு தடவை பாருங்கள்.