‘சூப்பரா இருக்கு’ மட்டும் போதுமா? அனிமேஷன் மாணவர்களுக்கு எப்படி ஃபீட்பேக் சொல்வது?

அரியமங்கலத்தில் ஒரு வீடு. அனிமேஷன் படிக்கும் மகள் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த 10 விநாடிக் காட்சியை லேப்டாப்பில் ஓடவிட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பா, தம்பி... எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை: “சூப்பர்!”

பாராட்டு இனிக்கும். ஆனால், அடுத்து எதைத் திருத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம்கள். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு வைத்தாலும், கையால் வரையும் 10 விநாடிக்கு 120 படங்கள் வேண்டும். எல்லாம் முடிந்து புராஜெக்ட்டை ஒப்படைக்கும் நாளில், “நடையே சரியில்லையே” என்று ஒருவர் சொன்னால் அத்தனை உழைப்பும் வீண்.

வியர்க்க வைத்த அறை

1930-களில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் ‘ஸ்வெட் பாக்ஸ்’ என்று ஒரு சின்ன அறை இருந்தது. காட்சி பென்சில் கோடுகளாக இருக்கும்போதே படம்பிடித்து அங்கே ஓடவிடுவார்கள். அறையின் புழுக்கம் ஒரு பக்கம், டிஸ்னி என்ன சொல்வாரோ என்ற பதற்றம் இன்னொரு பக்கம். வியர்த்தாலும் லாபம்தான். வண்ணம் பூசும் முன்பே தவறு தெரிந்துவிடும்.

‘டாய் ஸ்டோரி’யின் கதையும் இதுதான். 1993 நவம்பரில், வெறும் ஓவியங்களைக் கோத்து ஓட்டிக் காட்டியபோது, ‘வுடி’ யாருக்கும் பிடிக்காத முரடனாக இருந்தான். வேலையை நிறுத்திக் கதையைத் திருத்தி எழுதினார்கள். 1995-ல் வெளியான படம், முழுக்க கம்ப்யூட்டரில் உருவான முதல் முழுநீளத் திரைப்படம் என்று பெயர் வாங்கியது.

மும்பையில் கிடைத்த குரு

டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ், 1956-ல் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இங்குள்ள ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியான ராம் மோகன். ‘இந்திய அனிமேஷனின் தந்தை’ என்று போற்றப்படும் அவருக்கு 2014-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வீட்டிலேயே சொல்லலாம்!

* முழுதாக முடியும்வரை காத்திருக்க வேண்டாம். “கோடு போட்டதுமே காட்டு” என்று கேளுங்கள்.

* பொதுவாகச் சொல்லாமல் இடத்தைக் காட்டுங்கள். “நாலாவது விநாடியில் கை சட்டுனு தாவுது” என்றால் உடனே புரியும்.

* தீர்ப்பு வேண்டாம்; பார்த்ததைச் சொல்லுங்கள். “பாட்டி பை தூக்குறாங்க. ஆனா, பை காலியா இருக்கிற மாதிரி தெரியுது.”

* நன்றாக வந்த இடத்தையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திருத்தும்போது அதையும் அழித்துவிடலாம்.

இதற்கு அனிமேஷன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரிசிப் பையை வலது கையில் தூக்கினால் உடம்பு இடது பக்கம் சாயும் என்பது மார்க்கெட் போய்வரும் எல்லோருக்கும் தெரியும். திரையில் அந்தப் பாட்டி சாயவில்லை என்று முதலில் கண்டுபிடிக்கப்போவது அம்மாவாகக்கூட இருக்கலாம்!