ஃபிக்மாவுக்கு முன்னால் ஒரு கன்ட்ரோல் ரூம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வட சென்னையின் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பின் பல வீடுகளில் ஒரே பஞ்சாயத்துதான் ஓடும். பிள்ளை டிஜிட்டல் மீடியா படிக்க வேண்டும், யு.எக்ஸ். (யூசர் எக்ஸ்பீரியன்ஸ்) டிசைன் படிக்க வேண்டும் என்று நிற்கும். அப்பா மணலியில் ஷிப்ட் பார்ப்பவராகவோ, காண்ட்ராக்டரிடம் ஃபிட்டராகவோ, எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவராகவோ இருப்பார். "போன்ல கலர் கலரா பட்டன் வரையறதுக்கு நாலு வருஷப் படிப்பா?" என்பது அவர் கேள்வி. அந்த வேலையெல்லாம் ஓ.எம்.ஆர். பக்கம் ஏசி அறையில் உட்காருபவர்களுக்கு, நமக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. யு.எக்ஸ். என்று இன்று விற்கப்படும் படிப்பின் வேர், அந்த அப்பா தினமும் பார்க்கும் ஆலை பேனலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. படிப்பை நடத்தும் கல்லூரிகளே அதை மறந்துவிட்டதால் அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் ரூம் பேனலில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வைப் பார்த்துப் பேசவில்லை. 'மூடு' என்ற கட்டளை அனுப்பப்பட்டதை மட்டுமே அது சொன்னது. கட்டளை நிறைவேறியதா என்று அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒன்றாக அலறின. எந்த அலாரம் எப்போது அடித்தது என்று அச்சிட்டுத் தர வேண்டிய பிரிண்டர் மணிக்கணக்கில் பின்தங்கிவிட்டது. வெளியேறிய நீர் எங்கே சேர்கிறது என்று காட்டும் மானி பேனலின் முதுகுப் பக்கம் இருந்தது. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது.

விபத்துக்குப் பிறகு ஆபரேட்டர்களின் கட்டுப்பாட்டு அறையைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் டொனால்ட் நார்மன் என்ற உளவியல் பேராசிரியர். ஆட்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தப்புச் செய்யவைப்பதற்கென்றே கட்டியது போல இருக்கிறது அந்த அறை என்பது அவர் கண்டது. அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி 1988-இல் அவர் எழுதிய புத்தகம்தான் இன்றும் உலகெங்கும் டிசைன் மாணவர்கள் கையில் முதலில் திணிக்கப்படுவது. 1993-இல் ஆப்பிளில் சேர்ந்தபோது 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதைத் தன் பதவிப் பெயரிலேயே போட்டுக்கொண்டவரும் அவரே. அவருக்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்க பி-17 குண்டு விமானங்கள் தரையிறங்கிய பிறகு சக்கரம் மடங்கி வயிற்றால் இடித்துக்கொண்டிருந்தன. விமானிகள் கவனக்குறைவு என்றார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கை மடிப்புக்கான விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் முனையில் சக்கர வடிவ ரப்பர் குமிழ், மற்றதில் ஆப்பு வடிவக் குமிழ் பொருத்தச் சொன்னார். கண்ணால் பார்க்காமலே கை கண்டுகொண்டது.

இத்துறையின் முன்னோர்கள் இவர்கள். எவரும் ஆப் செய்தவரல்ல.

மணலியைச் சுற்றி இன்று எத்தனை கன்ட்ரோல் ரூம்கள்! 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கிய சி.பி.சி.எல்., மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், வடக்கே அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்கள், துறைமுக முனையங்கள். சுவர் முழுக்க மானிகளும் விளக்குகளும் இருந்த காலம் போய், இப்போது பேனல் ஆபரேட்டர் முன்னால் வரிசையாகக் கணினித் திரைகள். அந்தத் திரைகளுக்கு ஓர் இலக்கணம் உருவாகியிருக்கிறது. பின்புலம் மங்கலான சாம்பல் நிறமாக இருக்க வேண்டும்; எல்லாம் ஒழுங்காக ஓடும்போது திரை சலிப்பூட்ட வேண்டும்; ஏதாவது கோளாறானால் மட்டுமே சிவப்போ மஞ்சளோ தலைகாட்ட வேண்டும். அலாரங்களுக்கும் அளவு உண்டு. ஐ.எஸ்.ஏ. 18.2 என்ற தரநிலைப்படி ஓர் ஆபரேட்டருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 அலாரம் வந்தால் சமாளிக்கலாம், 300 என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் மனிதன் அலாரத்தைப் படிப்பதை விட்டுவிட்டு, அதன் வாயை மூடப் பட்டனைத் தட்டத் தொடங்குவான்.

இந்தச் சாம்பல் திரையை ஒரு மாணவர் தன் போர்ட்ஃபோலியோவில் வைத்தால் வேலைக்கு எடுப்பவர் முகம் சுளிக்கக்கூடும். கண்ணைப் பறிக்கும் ஊதாவும் உருளும் அனிமேஷனும்தான் அங்கே மவுசு.

கல்லூரிகள் என்ன சொல்லிக்கொடுக்கின்றன? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் 'யு.ஐ. அண்ட் யு.எக்ஸ். டிசைன்' ஒரு விருப்பப் பாடம். தமிழ்நாடு முழுக்க இணைப்புக் கல்லூரிகளில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இத்துறையின் முதல் வாசல் அநேகமாக அதுதான். ஐந்து அலகுகள். நான்காம் அலகில் வயர்ஃபிரேம், புரோட்டோடைப், சோதனை எல்லாம் முடிந்துவிடுகிறது. ஐந்தாம் அலகில்தான் பிரச்சினை என்ன என்று எழுதுவதும், எப்படி ஆராய்வது என்று தேர்வதும், பயன்படுத்துபவர் யார் என்று உருவகப்படுத்துவதும் வருகின்றன. பந்தி பரிமாறி இலை எடுத்த பிறகு, யார் யார் சாப்பிட வருகிறார்கள் என்று விசாரிப்பது போல. நியாயமாகச் சொன்னால் மூன்றாம் அலகிலும் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் உண்டு. செய்முறைப் பயிற்சியில் ஆய்விலிருந்து சோதனை வரை முழுசாக ஒரு திட்டம் செய்யச் சொல்கிறார்கள். நல்ல ஆசிரியர் வாய்த்தால் வரிசையை மாற்றி நடத்திவிடலாம். வாய்க்காத இடத்தில், மாணவர் இன்னொரு சாப்பாட்டு டெலிவரி ஆப்பைத் திரும்ப வரைவார். அதைச் சோதித்துப் பார்ப்பவர் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவராக இருப்பார்.

வேறு வழிகளும் உண்டு. ஐ.ஐ.டி. பம்பாய் 2015 முதல் நடத்தும் யு.சி.இ.இ.டி. தேர்வைக் கலை, வணிகம், அறிவியல் எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம். நான்கு ஆண்டு பி.டெஸ். படிப்புக்கு அது வாசல். தரமணியில் நிஃப்ட் இருக்கிறது. மேலக்கோட்டையூர் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்.மில் முதுநிலை வடிவமைப்பு இருக்கிறது. லயோலாவிலிருந்து ஊரெங்கும் பரவிய விஸ்காம் படிப்பு இருக்கிறது, சினிமாக் கனவோடு சேர்பவர்கள் அதில் அதிகம் என்றாலும். மூன்றே மாதத்தில் யு.எக்ஸ். டிசைனர் ஆக்குகிறோம் என்று லட்சத்தில் வாங்கும் தனியார் மையங்களைப் பற்றி ஒரு வரி போதும்: ஃபிக்மா மென்பொருளை வீட்டிலிருந்தே இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

இந்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்தால் கிட்டத்தட்ட எல்லாமே கூவத்துக்குத் தெற்கே விழும். மாதவரம் பால்பண்ணையிலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு மெட்ரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வட சென்னைப் பிள்ளை படிக்கவும் வேலைக்கும் தெற்கே போகும் என்பதை நகரமே ஒப்புக்கொண்டு போடும் பாதை அது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இந்நகரத்தின் வடிவமைப்புக் கல்வி வடக்கே, பிராட்வேயில் பிறந்தது. அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற ராணுவ மருத்துவர் 1850-இல் அங்கே தொடங்கிய கலைப்பள்ளிதான் பின்னால் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இடம் மாறி, இன்றைக்கு அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கிறது. ராய் சௌத்ரி, பணிக்கர் என்று ஓவியர்களின் பெயரால் நாம் அதை அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பள்ளியில் நடந்தது வேறு கதை. அதன் பொறுப்பிலிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அங்கே ஒரு பட்டறை போட்டு அலுமினியப் பாத்திரங்கள் செய்யவைத்தார். பித்தளையைப் போல ஈயம் பூச வேண்டாம், களிம்பு ஏறாது, கனமில்லை, விலையும் குறைவு. பள்ளிக்கூடப் பட்டறையில் தொடங்கியது கம்பெனியாக வளர்ந்து தனியே போனது. நம் பாட்டிமார் சோறு வடித்த அலுமினியக் குண்டானுக்குப் பின்னால் ஒரு கலைப்பள்ளி இருக்கிறது என்பது டிசைன் வகுப்புகளில் சொல்லப்பட வேண்டிய பாடம். யார் சமைக்கிறார்கள், எதில் சமைக்கிறார்கள், அதில் என்ன கஷ்டம் என்று பார்க்காமல் அந்தப் பட்டறை உலோகத்தைத் தட்டியிருக்காது. ஐந்தாம் அலகு அங்கே முதலில் வந்திருக்க வேண்டும்.

இன்றைக்கும் அப்படிச் செய்தவர்கள் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கிய 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலி, ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் தரும் அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகியவற்றைத் தமிழில் காட்டுகிறது. கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கிறது. காசிமேட்டில் அதிகாலை விசைப்படகு ஏறுபவர் ஈரக்கையோடு, ஆடும் தளத்தில் நின்று, வெயில் திரையில் பட்டுத் தெறிக்க அதைப் பார்க்க வேண்டும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்தத் தகவல் முதலில் வர வேண்டும் என்பதை ஏசி அறையில் யாரும் ஊகிக்க முடியாது. படகில் ஏறித்தான் ஆக வேண்டும்.

மாத்தூருக்கு இன்னும் பக்கத்தில் ஒரு வேலை காத்திருக்கிறது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில், கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மிக்ஜாம் புயலும் எண்ணெய்க் கசிவும் அடித்துப்போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்த நேரம். மூச்சு முட்டி, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு முதல் எச்சரிக்கை தந்த கருவி அவர்கள் மூக்கு. 1984-இல் போபாலிலும் கசிவைத் தொழிலாளர்கள் முதலில் உணர்ந்தது கண் எரிச்சலால்தான். சொல்லப்போனால் தமிழ்நாடு முழுக்க செல்போன்களை ஒரே நேரத்தில் அலறவைக்கும் அவசர எச்சரிக்கைச் சோதனை, எண்ணூர் கசிவுக்கு இரண்டே மாதம் முன்பு, 2023 அக்டோபரில்தான் நடந்திருந்தது. அலறவைக்கும் தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. அலறிய பிறகு திரையில் என்ன வாக்கியம் வர வேண்டும் என்பது எழுதப்பட வேண்டிய பாடம்.

காற்றின் தரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மணலியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வெளியாவது, 'ஓர் எண், ஒரு நிறம், ஒரு விளக்கம்' என்ற முழக்கத்தோடு 2014-இல் அறிவிக்கப்பட்ட காற்றுத் தரக் குறியீடு. அம்மோனியா உட்பட எட்டு மாசுகளைக் கணக்கில் எடுத்து, ஆறு நிறங்களில் சொல்கிறது. நல்ல வடிவமைப்புதான், டெல்லியின் பனிக்காலப் புகைக்கு. ராத்திரி பதினோரு மணிக்குக் கேஸ் வாடை வரும்போது ஜன்னலைச் சாத்தலாமா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாமா, யாருக்கு போன் செய்யலாம் என்று யோசிக்கும் மாத்தூர் அம்மாவுக்கு, பல மணி நேரச் சராசரியான அந்த எண் எதையும் சொல்லாது.

போபாலுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவு, ஆபத்தான ஆலைகள் தம் ஆபத்துகளைத் தொழிலாளர்களுக்கு மட்டுமல்லாமல் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. அபாய ரசாயனங்கள் பற்றிய 1989 விதிகளும், விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கின்றன. சட்டம் சொன்னது தகவலை. அது எந்தத் தமிழில், எவ்வளவு பெரிய எழுத்தில், ரேஷன் கடைச் சுவரிலா செல்போனிலா, எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு எப்படி என்பதெல்லாம் டிசைன் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. விருப்பப் பாடத்தின் செய்முறைத் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய தலைப்பை எங்கே தேடுவது? ஆலைக்குள் போக அனுமதி கிடைப்பது சிரமம்தான். இந்த வேலையில் பாதி ஆலைக்கு வெளியே, சொந்தத் தெருவிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு வீட்டில் ஷிப்ட் முடித்து வரும் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். எந்த அலாரத்தை ஆபரேட்டர்கள் நம்புவார்கள், எதைக் கண்டுகொள்ளாமல் தட்டிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பாடப்புத்தகத்துக்கும் தெரியாது.

அம்மோனியா கசிந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும் என்பது பாதுகாப்புப் பாடம். ஈரத்துணி வீட்டில் இருக்கும். காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாயோ ஆலைக்குள், உயரக் கம்பத்தில், ஆலை ஆட்கள் பார்க்கும்படி பறக்கிறது. மதில் சுவருக்கு இந்தப் பக்கம், நள்ளிரவில் கண் எரிய எழுந்து வருபவருக்கு எது குறுக்கு, எந்தத் தெரு வழி என்று காட்டுவது எது?