ஆளில்லாத் தீவில் ஆறு நண்பர்கள்



நண்பர்களோடு படகேறிக் கடலில் போய்வர யாருக்குத்தான் ஆசை இராது? பசிபிக் பெருங்கடலில் உள்ள தொங்கா நாட்டில், விடுதிப் பள்ளியில் படித்த ஆறு மாணவர்களுக்கும் 1965ஆம் ஆண்டில் அந்த ஆசை வந்தது. மீனவர் ஒருவரின் பாய்மரப் படகை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு, பிஜி நோக்கிப் புறப்பட்டார்கள். திசைகாட்டிகூட இல்லை. இரவில் வீசிய புயலில் பாய் கிழிந்தது, சுக்கான் உடைந்தது. எட்டு நாள் அலைந்த பின் ‘ஆத்தா’ என்ற பாறைத் தீவில் ஒதுங்கினார்கள்.

அது முன்பு மக்கள் வாழ்ந்த தீவு. 1863இல் அடிமை வணிகர்கள் பலரைப் பிடித்துச் சென்றார்கள். எஞ்சியவர்கள் வேறு தீவில் குடியேற்றப்பட்டார்கள். அம்மக்கள் விட்டுச்சென்ற வாழையும் சேப்பங்கிழங்கும் கோழிகளும் காட்டில் பெருகியிருந்தன. நூறாண்டுக்குப் பின் அவையே இந்த ஆறு பேருக்கும் உணவாயின.

உணவு இருந்தால் மட்டும் போதுமா? இருவர் இருவராகத் தோட்டம், சமையல், காவல் என வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். மூட்டிய நெருப்பை ஓராண்டுக்கும் மேலாக அணையாமல் காத்தார்கள். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, மற்றவர்கள் குச்சிகளை வைத்துக் கட்டினார்கள். அவன் வேலையையும் தாங்களே செய்தார்கள். பாட்டோடும் செபத்தோடும் நாளைத் தொடங்கி, அவ்வாறே முடித்தார்கள்.

சண்டை வராமல் இல்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். சண்டையிட்டவர்கள் தீவின் இரு முனைகளுக்குப் போய்விட வேண்டும். சில மணி நேரம் கழித்து, கோபம் தணிந்ததும், மற்றவர்கள் அவர்களை அழைத்து வந்து மன்னிப்புக் கேட்க வைப்பார்கள்.

15 மாதங்களுக்குப் பின், 1966 செப்டம்பரில், பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டு மீட்டார். ஊர் திரும்பியதும் படகைத் திருடியதற்காகக் காவலில் வைக்கப்பட்டார்கள். அந்தப் படகின் விலையையும் அவரே கொடுத்து அவர்களை விடுவித்தார்.

நம் நிலை என்ன? ஒரே தெருவில் வாழ்ந்தும் ஆண்டுக்கணக்கில் பேசாத அண்ணன் தம்பிகள் நம் பங்குகளில் இல்லையா? திருப்பலியில் சமாதானம் சொல்லும்போதும் அவர்கள் பக்கம் நாம் திரும்புவதில்லை. கோபத்தில் ஒதுங்கிப்போக நமக்குத் தெரிகிறது. திரும்பி வரத்தான் தெரிவதில்லை. பகைத்த இருவரைக் கைப்பிடித்து அழைத்துவரும் மூன்றாவது மனிதராக இருக்கவும் நாம் முன்வருவதில்லை.

இன்று நாம் யாரைத் தேடிப் போகவேண்டும்? சிந்திப்போம்.