கடல்மேல் நின்ற புகை

'கடல் ஆராய்ச்சிக்கும் என் மானாவாரிக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று வேடசந்தூர் பக்கத்து வாசகர் கேட்டிருக்கிறார். வீரபத்ரன் ராமநாதன் என்ற விஞ்ஞானியின் வேலையே இதற்குப் பதில்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். முதல் வேலை செகந்திராபாத்தில், குளிர்பதனப் பெட்டியில் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது. பிறகு அமெரிக்கா போனார். அந்த வகை வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் சுமார் 10,000 மூலக்கூறுகள் அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975-ல் காட்டினார். பின்னர் கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பேராசிரியரானார்.

நமக்கு முக்கியமானது 1999-ல் நடந்தது. பல நாட்டு விஞ்ஞானிகளோடு மாலத்தீவிலிருந்து விமானம், கப்பல் வைத்து இந்தியப் பெருங்கடலை அளந்தார். தெற்காசியாவிலிருந்து போன புகை, கடல்மேல் பழுப்புப் படலமாக நின்றது. படலம் வெயிலை மறைத்தால் கடல்நீர் ஆவியாவது குறையும், மழையும் குறையும். இந்தப் படலம் மானாவாரி நெல் விளைச்சலைக் குறைத்திருக்கிறது என்று 2006-ல் அவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு சொல்கிறது. நம் மாவட்டத்துக்கு அதிக மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றும் கடலிலிருந்துதான் ஈரத்தை எடுத்து வருகிறது.

விறகடுப்பு, டீசல் வண்டி, நிலக்கரி எல்லாம் சேர்ந்த புகை இது. விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்தாதீர்கள். மாட்டுக்குப் போக மீதியை ரோட்டவேட்டர் ஓட்டி, ஈரம் இருக்கும்போதே மடக்கி உழுதுவிடுங்கள்.