ஞானஸ்நானம் இல்லை, சர்ச்சில் பெயர் இல்லை... சிவகாசியின் 'ரகசிய கிறிஸ்தவர்கள்' யார்?

ஏழாயிரம்பண்ணை. நியூஸ் பார்க்கிறவங்களுக்கு இந்த ஊர் பேர் நல்லாவே பழக்கம். பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால், "ஏழாயிரம்பண்ணை போலீஸார் விசாரித்து வருகின்றனர்" என்று செய்தியின் கடைசி வரியில் வரும். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி மூன்றுக்கும் நடுவில் இருக்கும் பழைய பாளையம். இந்தக் கரிசல் காட்டைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் மருந்து, திரி, லைசென்ஸ், நிவாரணத் தொகை என்றுதான் இருக்கும்.

இதே வட்டாரத்துக்கு வேறொரு கதையும் உண்டு. அது வீட்டு அடுப்படியில் நடந்த கதை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிவகாசியில் வசதியான இந்து நாடார் குடும்பங்களைச் சேர்ந்த சில பெண்கள் இயேசுவைத் தங்கள் கடவுளாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. சபைப் பதிவேட்டில் பேர் கொடுக்கவில்லை. கணவர், மாமியார், பிள்ளைகள் என்று அதே இந்து வீட்டில் மருமகளாகவே வாழ்ந்தார்கள். 'ரகசிய கிறிஸ்தவர்கள்' என்று இவர்களைக் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் எலைசா கென்ட் 2011-ல் இவர்களைப் பற்றி ஒரு தனி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். மத ஆய்வுகளுக்கான அமெரிக்கன் அகாடமியின் இதழில் அது வெளியானது. தென்னிந்தியாவில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவம் பெண்களின் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று 2004-லேயே ஒரு புத்தகம் எழுதியவர் அவர்.

யார் இவர்கள், ஏன் இப்படி, இதில் என்ன சிக்கல்? பார்க்கலாம்.

கூடாரம் போட்டு வந்தவர்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் சிவகாசி, சாத்தூர் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல்தான். அதனால் பழைய பதிவுகளில் இந்த ஊர்களைத் தேடினால் 'வட திருநெல்வேலி' என்றுதான் இருக்கும்.

இந்த வட திருநெல்வேலிக்கு 1854-ல் தாமஸ் ராக்லண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரி வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஒரே ஊரில் பங்களா கட்டி உட்காராமல், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள் அவரும் அவருடைய கூட்டாளிகளும். நாலே வருஷம். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்துபோனார். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் சாட்சியாபுரம் இந்த மிஷன் வழியாக வளர்ந்த ஊர்.

தெற்கே நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் பனையேறி நாடார்கள் ஊரோடு ஊராக கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தார்கள். வடக்கே கதை வேறு. சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி ஆகிய ஆறு ஊர்களில் இருந்தவர்கள் வியாபாரிகள். இவர்களில் பெரும்பாலானோர் இந்துக்களாகவே இருந்துவிட்டார்கள்.

ஏன்? ஒரே வார்த்தையில் சொன்னால், உறவின்முறை.

ஒவ்வொரு ஊரிலும் நாடார் உறவின்முறை என்பது கிட்டத்தட்ட ஒரு குட்டி அரசாங்கம். வியாபாரத்தில் வரும் வருமானத்தில் 'மகமை' என்று ஒரு பங்கு பொதுவுக்குப் போகும். அந்தப் பணத்தில்தான் கோயில், கிணறு, பள்ளிக்கூடம், திருவிழா எல்லாம். விருதுநகரில் 1885-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவை (காமராஜர் படித்த பள்ளி) நடத்த வீடு வீடாகப் பிடி அரிசி எடுத்தார்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது பெண்கள் வேலை. கல்யாணம், கருமாதி, கடன், கடை, வழக்கு எல்லாமே இந்த வலைக்குள் இருந்தது. மதம் மாறுவது என்றால் சாமியை மட்டும் மாற்றுவதில்லை, இந்த வலையையே அறுத்துக்கொண்டு வெளியே வருவது.

அதோடு அந்தக் காலத்துச் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். 1897-ல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சிவகாசி சிவன் கோயில் நுழைவுப் பிரச்சனை முற்றி, 1899 ஜூன் 6-ம் தேதி பெரும் கூட்டம் ஊரைத் தாக்கியது. வரலாற்றில் 'சிவகாசிக் கொள்ளை' என்று பதிவான சம்பவம். இந்துக் கோயிலுக்குள் போக ஒரு சமூகமே உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதே சமூகத்து வீட்டுப் பெண் "நான் இயேசுவைக் கும்பிடுகிறேன்" என்று வெளியில் சொல்ல முடியுமா?

வீட்டுக்குள் வந்த பாடம்

வசதி கூடக்கூட, வீட்டுப் பெண்களை வெளியே அனுப்பாமல் இருப்பதும் இந்த ஊர்களில் கௌரவம் ஆனது. பனையேறும் குடும்பத்தில் பெண்ணும் உழைத்தாக வேண்டும். கடை வைத்த குடும்பத்தில் பெண் வீட்டோடு இருப்பதுதான் அந்தஸ்து. ஆக, தெருவில் நின்று பிரசங்கம் செய்தால் ஆண்களுக்குத்தான் கேட்கும்.

மிஷன்கள் இதற்கு இந்தியா முழுக்க ஒரே வழியைப் பிடித்தன. வீட்டுக்குள்ளேயே போய்ப் பாடம் நடத்துவது. ஆண் மிஷனரி போக முடியாது என்பதால் பெண்கள் போனார்கள். வெள்ளைக்கார அம்மாக்களோடு, அவர்களைவிட அதிகமாக, 'பைபிள் உமன்' என்று அழைக்கப்பட்ட உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியக்காரிகள், பல பேர் கணவரை இழந்தவர்கள். எழுத்துக் கற்றுக்கொடுப்பார்கள், தையல் சொல்லிக்கொடுப்பார்கள், கூடவே பைபிள் கதை, ஜெபம், பாட்டு.

பாட்டு முக்கியம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் எழுதிய கீர்த்தனைகள் அதற்குள் தமிழ்ச் சபைகளில் வேரூன்றிவிட்டன. கர்நாடக ராகம், நல்ல தமிழ். அச்சில் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் நாலு தடவை கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும். நான் தமிழ் இலக்கியம் படித்தபோது இந்தப் பாட்டுகளை 'கிறிஸ்தவர்களின் தமிழ்த் தொண்டு' என்ற ஒரு பாடத்துக்குள் அடைத்து, ஐந்து மதிப்பெண் கேள்வியாக முடித்துவிட்டார்கள். பூட்டிய வீட்டுக்குள் இந்தப் பாட்டுகள் என்ன வேலை செய்தன என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

யாருக்கு இந்தப் பாடம் போனது என்று யோசித்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். அந்தக் காலத்தில் கல்யாண வயது ரொம்பக் குறைவு. இன்று கல்லூரியில் இருக்கும் வயதில் ஒரு பெண் இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகி, புகுந்த வீட்டில் இருப்பாள். அப்பா வீட்டுச் சாமி வேறு, மாமனார் வீட்டுக் குலசாமி வேறு. கல்யாணம் ஆனாலே பெண்ணுக்குக் குலதெய்வம் மாறிவிடும். யாரும் அவளிடம் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஒருத்திக்கு, தானே தேர்ந்தெடுத்த ஒரு சாமி கிடைக்கிறது. வாரம் ஒருமுறை வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னைக்கு எப்படிம்மா இருக்க?" என்று கேட்க ஒருத்தர் இருக்கிறார். அதே தெருவில் இன்னும் நாலு பேர் அதே பாட்டைப் பாடுகிறார்கள் என்றும் தெரியவருகிறது. சர்ச் கட்டடம் இல்லாமலே ஒரு சபை உருவாவது இப்படித்தான்.

ஞானஸ்நானம் எடுத்தால் என்ன ஆகும்?

இந்த இடத்தில் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட வேண்டும். 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதிய எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை வைணவ வெள்ளாளர். 1858-ல் சென்னையில் வெளிப்படையாக ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கும் உறவில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் கையில் படிப்பு, வேலை இரண்டும் இருந்தன. வீட்டை விட்டு வந்தாலும் போக இடம் இருந்தது. சிவகாசி மருமகளுக்கு என்ன இருந்தது?

சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தால், 1850-லேயே கிழக்கிந்திய கம்பெனி அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது. மதம் மாறினாலும் சொத்துரிமை போகாது என்பது அதன் சாரம். ஆனால் அன்று பெண்ணுக்கு சொத்தே பெரிதாக இல்லையே, போவதற்கு?

சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டங்களிலும் இந்தச் சிக்கல் தெரிகிறது. 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி, கணவன் மனைவியில் ஒருவர் வேறு மதத்துக்கு மாறினால் மற்றவர் விவாகரத்து கேட்கலாம். 1956-ல் வந்த தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம், மதம் மாறிய மனைவிக்கு, தனியாக வாழ்ந்துகொண்டு கணவரிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை இல்லை என்கிறது. அதே வருட வாரிசுரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவு, மதம் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை கிடையாது என்கிறது. இவை இன்றும் நடைமுறையில் இருப்பவை.

"இதெல்லாம் இட ஒதுக்கீட்டுக்காகத்தானே" என்று கமென்ட்டில் எழுதப் போகிறவர்களுக்கு: இந்தக் கதையில் அது கிடையாது. இந்த ரகசியம் இட ஒதுக்கீடு வருவதற்கு ரொம்ப முன்னாடி தொடங்கியது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் இந்து நாடார், கிறிஸ்தவ நாடார் இருவருமே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். பட்டியல் சாதியினர் விஷயம் வேறு. 1950-ம் வருட ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்தப் பட்டியலில் வர முடியும். 2024 நவம்பரில் புதுச்சேரி பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சர்ச் என்ன சொன்னது?

சர்ச்சுக்கும் இது தர்மசங்கடம்தான். ஞானஸ்நானம் இல்லாமல் நற்கருணை கிடையாது. சபைக் கணக்கில் வராத விசுவாசியை எப்படி எண்ணுவது?

இந்தக் கேள்வி பின்னால் பெரிய விவாதமாகவே ஆனது. 1970-களின் தொடக்கத்தில் கேரளத்து இறையியலாளர் எம்.எம்.தாமஸ், ஒருவர் இந்து சமூகத்துக்குள் இருந்துகொண்டே கிறிஸ்துவைப் பின்பற்றலாம், அவர்களையும் ஐக்கியத்தில் சேர்க்க வழி வேண்டும் என்ற திசையில் வாதிட்டார். எதிர்த்தரப்பில் பிஷப் லெஸ்லி நியூபிகின். கண்ணுக்குத் தெரிகிற ஒரு சபை இல்லாமல் விசுவாசம் நிற்காது என்பது அவர் பக்கம். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–ராமநாதபுரம் பேராயத்தின் முதல் பிஷப் இதே நியூபிகின்தான்.

1991-ல் ஹெர்பர்ட் ஹோஃபர் 'சர்ச் இல்லாத கிறிஸ்தவம்' என்ற பொருளில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவை நம்புகிறவர்களைக் கிராமங்களிலும் சென்னையிலும் தேடி எழுதியது. அப்படிப்பட்டவர்கள் ஒரு மூலையில் இருக்கும் நாலு பேர் இல்லை என்பதை அந்தப் புத்தகம் காட்டியது.

வெளிப்படையாகவே வேறு பாதை போனவர்களும் உண்டு. நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் 1857-ல் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம், மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு இந்து கிறிஸ்தவ சபை என்று தனியாகவே தொடங்கினார். ஓய்வு நாள் ஞாயிறு இல்லை, சனி. வெள்ளைக்காரர் பழக்கம் எதுவும் வேண்டாம் என்றார். 1921-ல் திருப்பத்தூரில் ஜேசுதாசன், பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் அமைத்தார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் பிரிட்டிஷ்காரர். கதர் உடை, கோயில் கோபுரம் போன்ற ஜெப ஆலயம். ஆனால் இந்த இரண்டையும் நடத்தியது ஆண்கள், அவர்கள் பேரோடு வரலாற்றில் இருக்கிறார்கள். சிவகாசிப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பேர் தெரிந்தால் ரகசியம் போய்விடும்.

உலகத்தில் வேறெங்கும் உண்டா?

உண்டு. ஜப்பானில் 1614-ல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1865 மார்ச்சில் நாகசாகியின் ஓவ்ரா தேவாலயத்துக்கு ஒரு சிறு கூட்டம் வந்து, 'எங்கள் இதயமும் உங்கள் இதயமும் ஒன்று' என்ற பொருளில் பிரெஞ்சு பாதிரியாரிடம் சொன்னது. இரண்டரை நூற்றாண்டு, பாதிரியார் யாரும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே ஜெபத்தைக் காப்பாற்றி வந்தவர்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ஜப்பானில் ஒளிந்தது அரசாங்கத்துக்குப் பயந்து. பிடிபட்டால் மரணம். சிவகாசியில் அரசாங்கம் தடுக்கவில்லை, சொல்லப்போனால் ஆட்சியில் இருந்தவர்களே கிறிஸ்தவர்கள். இங்கே ஒளிந்தது சொந்த வீட்டுக்குள். அதுவும் முழுக் குடும்பமாக இல்லை, பெண்கள் மட்டும். எலைசா கென்ட் தன் கட்டுரைத் தலைப்பிலேயே பாலினம் என்ற சொல்லை வைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. 'ரகசியம்' என்ற வார்த்தை இங்கே பாதிதான் சரி. ஒரே கூரைக்குக் கீழ் வாழ்கிற மாமியாருக்குத் தெரியாமலா வாரா வாரம் பாட்டும் ஜெபமும் நடக்கும்? தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதுசில்லை. ஊருக்குத் தெரியாத வரை, உறவின்முறையில் பேச்சு வராத வரை, வீடு கண்டுகொள்ளாது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் இவர்கள் வாழ்ந்தார்கள். இதை ஏமாற்று என்று ஒரு தரப்பும், மதமாற்றச் சூழ்ச்சி என்று இன்னொரு தரப்பும் சுலபமாகச் சொல்லிவிடலாம். இரண்டிலுமே அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது.

இப்போது?

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பிறகு சிவகாசியே மாறிப்போனது. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு, அச்சகம் என்று வளர்ந்த ஊரில் பெண்கள் படித்தார்கள், வெளியே வந்தார்கள். வீட்டுக்கு வரும் பைபிள் உமன் வேலையை ரேடியோவும், அப்புறம் டிவியும், இப்போது யூடியூபும் எடுத்துக்கொண்டன. கல்லூரி மாணவர்களுக்கு 1954-ல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. போன்ற அமைப்புகள் இருக்கின்றன. போதகர் இல்லாமல், மாணவர்களே கூடி பைபிள் படிக்கும் குழுக்கள் அவை.

சாத்தூர் பக்கமிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ படிக்கப் போகிற ஒரு பெண், ஹாஸ்டல் தோழியோடு ஒரு ஜெபக் கூட்டத்தில் போய் உட்கார இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஹெட்போன் மாட்டினால் எந்தப் பாட்டையும் கேட்கலாம். ஆனால் வரன் பார்க்கத் தொடங்கி, ஜாதகம் கையில் வரும் நாளில், "நீ என்ன சாமி கும்பிடுற?" என்ற கேள்வி மறுபடி அதே வீட்டு நடையில் வந்து நிற்கிறது.