பில்லும் பையும் பத்திரம்! விதை, கன்று ஏமாற்றினால் இழப்பீடு கேட்கலாம்

‘நேந்திரன் என்று சொல்லிக் கொடுத்த திசு வளர்ப்புக் கன்று, தார் தள்ளியபோது வேறு ரகமாக இருக்கிறது. விற்றவர் கைவிரிக்கிறார். என்ன செய்வது?’ ஸ்ரீரங்கம், லால்குடி, தொட்டியம் பக்கத்து வாழை விவசாயிகள் எங்களைப் போன்ற வேளாண்மை அலுவலர்களிடம் கேட்கும் கேள்வி இது. ‘பில் இருக்கிறதா?’ என்று திருப்பிக் கேட்டால், பல நேரம் பதில் வராது.

நெல் முளைக்காவிட்டால் பத்து நாளில் தெரிந்துவிடும். வாழையில் ரகம் மாறியது தெரிய ஏழெட்டு மாதம் ஆகும். அதற்குள் உரம், சவுக்குக்கட்டை, ஆள்கூலி என்று கைப்பணம் கரைந்திருக்கும். கன்றின் விலையை மட்டும் திருப்பித் தந்தால் இந்த நஷ்டம் ஈடாகாது.

விவசாயியும் நுகர்வோர்தான்

1966-ம் ஆண்டு விதைச் சட்டத்தில் ‘விதை’ என்பதில் நாற்று, கிழங்கு, கன்று, ஒட்டு எல்லாம் அடங்கும். தரம் கெட்ட விதை விற்றவருக்குத் தண்டனை தர அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால், விவசாயிக்கு நஷ்டஈடு வாங்கித் தர வழியில்லை. அதற்கு நுகர்வோர் சட்டம்தான் கைகொடுக்கும்.

தேசிய விதைக் கழகத்துக்கும் ஆந்திர விவசாயிகளுக்கும் நடந்த வழக்கில், 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான். விதைச் சட்டம் இருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகக் கூடாது என்று சொல்ல முடியாது என்றது. ‘விதை மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுக்கவில்லையே’ என்ற வாதமும் எடுபடவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் விவசாயி, பரிசோதனைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம்.

வழக்கு தோற்பது எங்கே?

ஹரியானா விதை வளர்ச்சிக் கழகம் தொடர்பான வழக்கில், 2005-ல் விவசாயிகள் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். வயலைப் பார்த்த நிபுணர்களின் அறிக்கை, விதையில்தான் குறை என்று சொல்லவில்லை. பாசனத் தண்ணீர், வறட்சி, விதைத்த முறை, மண்ணின் நிலை ஆகியவையும் காரணமாக இருக்கலாம் என்றது. எனவே, ‘பயிர் சரியில்லை’ என்று மட்டும் எழுதிய அறிக்கை போதாது. ‘விதையில்தான் கோளாறு’ என்பது அதில் இருக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

* வாங்கும்போது ரகம், குவியல் எண், அளவு, விலை குறித்த பில் கேளுங்கள். 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பில் தருவது விற்பவரின் கடமை. ‘பில் போட்டால் விலை கூடும்’ என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

* காலிப் பை, அட்டை, லேபிள் ஆகியவற்றை அறுவடை முடியும்வரை எறியாதீர்கள். மீதி விதை ஒரு பிடி இருந்தாலும் வைத்திருங்கள்.

* குறை தெரிந்ததும் வேளாண்மை அல்லது தோட்டக்கலை உதவி இயக்குநருக்கும், விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். 1968-ம் ஆண்டு விதை விதிகளின் 23-ஏ பிரிவின்படி, விதை ஆய்வாளர் லேபிள், பை, மீதி விதையைக் கைப்பற்றி விசாரிக்க வேண்டும்.

* வயலாய்வின்போது விற்றவருக்கும் கம்பெனிக்கும் முன்கூட்டித் தகவல் போகட்டும். ‘எங்களுக்குத் தெரியாமல் பார்த்தார்கள்’ என்று பிறகு தட்டிக்கழிக்க முடியாது.

* ஆய்வு முடியும்வரை தோட்டத்தை அழிக்காதீர்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

எங்கே, எவ்வளவு செலவு?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி ஐதராபாத்தில் இருந்தாலும் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு நீங்கள் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் வழக்கைப் போட்டுவிட வேண்டும். விற்றவர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். சந்தேகம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம்.

எழுத உதவி வேண்டும் என்றால், நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

கன்று இறக்கும் நாளிலேயே பில்லையும் லேபிளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பட்டா வைத்திருக்கும் பெட்டியில் சேர்த்து வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.