"நான் இப்படித்தான்" என்னும் சிறை

முகூர்த்த நாள் வந்துவிட்டால் திருப்பரங்குன்றம் பொழுது புலருமுன்பே விழித்துக்கொள்ளும். மணமக்களையும் உறவினரையும் ஏற்றிவந்த வண்டிகள் குன்றத்து வீதிகளை அடைத்து நிற்கும். மல்லிகைச் சரம் தொடுக்கும் பெண்களுக்கு அன்று கை ஓயாது. அன்றைய கூலிதான் பல குடும்பங்களுக்கு அந்த வாரத்து அரிசி.

அத்தகைய முகூர்த்த நாள் ஒன்றுக்கு அடுத்த ஞாயிறு, பூத்தொடுக்கும் தாய் ஒருவர் திருப்பலி முடிந்தபின் நம்மிடம் வந்து அழுதார். அவருடைய பதினாறு வயது மகன், தோழர்களோடு சேர்ந்து வண்டி திருடிய வழக்கில் சிக்கி, அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். மகனைச் சந்திக்க வேண்டிய நாளும் முகூர்த்த நாளும் ஒன்றாய் அமைந்துவிட்டன. தாய் போகவில்லை. "எங்கம்மா என்னைத் தலைமுழுகிட்டாங்க" என்று சொல்லி, அவன் இரண்டு வேளை சோறு உண்ணாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தானாம்.

"சாமி, அன்னிக்குப் போயிருந்தா வீட்டுல உலை வைக்க வழியில்லை. பிள்ளை இப்படி நினைச்சுட்டானே!" என்று அந்தத் தாய் விம்மினார்.

அவன் யார், எவ்விடத்தான் என்று நாம் கூறமாட்டோம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. மனிதப் பண்பும் தடைசெய்கிறது. ஆனால் அவனுடைய எண்ணத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். தாய் வரவில்லை என்பது நிகழ்ச்சி. தலைமுழுகிவிட்டாள் என்பது அவன் அதற்குக் கொடுத்த பொருள். அவனைப் பட்டினி போட்டது நிகழ்ச்சியன்று, அந்தப் பொருளே.

எண்ணம் செய்யும் வேலை

மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர் 1967இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தப்பிக்க வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு மீண்டும் மீண்டும் உள்ளான நாய்களுள் பல, பின்னர் வழி திறந்திருந்தபோதும் எழுந்து போக முயலவில்லை. "நம்மால் ஆவது ஒன்றுமில்லை" என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அறிஞர்கள் அன்று முடிவு செய்தனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், 2016இல், அவ்விருவருமே தங்கள் விளக்கத்தைத் திருத்தினர். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது உயிரினத்தின் இயல்பு. "என்னாலும் ஏதேனும் செய்ய இயலும்" என்பதே கற்கவேண்டிய பாடம் என்றனர். இல்லங்களில் அடைபட்டுள்ள பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன?

நன்னம்பிக்கை என்றால் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பதன்று. தீமை நேரும்போது அதற்கு நாம் கூறும் காரணத்தில் அது இருக்கிறது என்கிறார் செலிக்மன். மூன்று கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம்: இது என்றைக்கும் மாறாததா? என் வாழ்வு முழுவதையும் இது கெடுத்துவிட்டதா? முழுக்க முழுக்க நானேதான் காரணமா? நம்பிக்கை இழந்த சிறுவன் மூன்றுக்கும் "ஆம்" என்பான். "நான் திருடன்; இனி எனக்கு எதுவும் உருப்படாது" என்பது அவன் பேச்சு. "நான் அன்று திருடினேன், அது தவறு, இனி வேறு வழி உண்டு" என்று சொல்லக் கற்றவனோ எழுந்து நிற்கிறான்.

மூன்றாம் கேள்வியில் எச்சரிக்கை தேவை. பழியைப் பிறர்மேல் போடக் கற்பிப்பது நன்னம்பிக்கை ஆகாது. செய்த செயலுக்குப் பொறுப்பு ஏற்கவேண்டும். ஆனால் அந்தச் செயலே தான் என்று எண்ணலாகாது. பாவத்தை வெறுத்துப் பாவியை அணைக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிலில் வளர்ந்த நமக்கு இது புதிய பாடமன்று.

கைக்குள் இருந்த பந்து

இதைக் கற்பிக்க முடியுமா? சிக்காகோ நகரில் செய்து பார்த்திருக்கின்றனர். அங்கு நடக்கும் ஒரு பயிற்சியில், சிறுவர் இருவர் இருவராகப் பிரிக்கப்படுகின்றனர். ஒருவன் கையில் பந்து. மற்றவன் முப்பது நொடிக்குள் அதைப் பெறவேண்டும். முறுக்குவார்கள், பிடுங்குவார்கள், கட்டிப் புரளுவார்கள். முடிந்ததும் ஆசிரியர் அமைதியாக ஒரே ஒரு வினாவை விடுப்பார்: "பந்தைத் தா என்று யாராவது கேட்டீர்களா?" கேட்டால் கொடுப்பான் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றவில்லை. எதிரில் நிற்பவன் எதிரி என்று முன்கூட்டியே முடிவு கட்டியதை அப்போதுதான் உணர்கின்றனர்.

அதே நகரின் சிறார் காவல் இல்லத்திலும் இவ்வகைப் பயிற்சி நடந்தது. நடத்தியவர்கள் பெரும் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற இல்லப் பணியாளர்களே. பயிற்சி பெற்றோர் மீண்டும் அந்த இல்லத்திற்குக் கொண்டுவரப்படுவது 21 விழுக்காடு குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஐந்தில் ஒரு பங்கு! எல்லாரும் திருந்திவிடவில்லை, ஆயினும் அத்தனை வீடுகளில் அத்தனை தாய்மார் மறுமுறை அழவில்லை.

சோறும் பாதுகாப்பும் முன்னே

நம் மாநிலத்திற்கு இத்துறையில் நீண்ட வரலாறு உண்டு. செங்கல்பட்டில் 1887இலேயே சீர்திருத்தப் பள்ளி தோன்றிற்று. சிறாருக்கெனத் தனிச் சட்டத்தை 1920இல் இந்திய மாகாணங்களில் முதன்முதல் இயற்றியது சென்னை மாகாணமே. ஆயினும் பெருமை பேசி நின்றுவிட முடியாது. 2022 டிசம்பர் இறுதியில் அதே செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த குழு, இல்லங்களின் நிலையை ஆராய்ந்து 2023இல் தமிழக அரசிடம் அறிக்கை அளித்தது.

அடி விழும் இடத்தில் நம்பிக்கைப் பாடம் நடத்துவது கேலிக்கூத்து. முதலில் வயிற்றுக்குச் சோறு, உடம்புக்குப் பாதுகாப்பு, பேசக் கேட்கும் ஒரு பெரியவர், அதன்பின்பே பாடம்.

வாயிலுக்கு வெளியே

1841இல் குருப்பட்டம் பெற்ற தொன் போஸ்கோ, தூரின் நகரச் சிறைகளுக்குச் சென்றபோது ஒன்றைக் கவனித்தார். திருந்திவிடுவோம் என்று உறுதியோடு வெளியேறிய சிறுவர் பலர், சில நாளில் திரும்பவும் அங்கேயே வந்து சேர்ந்தனர். வெளியே அவர்களைத் தேடுவார் யாருமில்லை என்பதே காரணம் என்று அவர் கண்டார். அந்தக் கண்டுபிடிப்பே அவருடைய வாழ்நாள் பணிக்கு விதையாயிற்று. அவருடைய சபையினர் 1906இல் தஞ்சையில் கால் பதித்தனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013இல் பதவியேற்றபின் வந்த முதற் பெரிய வியாழனன்று, உரோமையின் சிறார் சிறைக்குச் சென்று பன்னிரு இளையோரின் பாதங்களைக் கழுவினார். நம்பிக்கையை யாரும் திருட விடாதீர்கள் என்பதே அவர்களுக்கு அவர் கூறிச்சென்ற அறிவுரை.

அந்த நம்பிக்கையைத் திருடுவோர் யார்? பெற்றோரே, பெரியோரே, சற்று நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம். சிறுவன் ஒருவன் மீதான வழக்கு முடிந்தபின், அது அவனுடைய கல்விக்கோ வேலைக்கோ தடையாக நிற்கலாகாது என்றும், உரிய காலம் கடந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. கொடிய குற்றத்திற்காக வயதுவந்தோராகக் கருதித் தண்டிக்கப்பட்ட, 16 வயது கடந்தோருக்கு மட்டுமே விதிவிலக்கு. அரசாங்கம் அழித்துவிடும் ஏட்டை நாம் தெருமுனையிலும் தேநீர்க் கடையிலும் பத்திரமாக வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சிறுவன் கதைக்கு வருவோம். அடுத்த சந்திப்பில் தாய் அவனிடம் தன் விரல்களைக் காட்டினாராம். நார் அறுத்த தழும்புகள். "இது உன்னை மறந்த கையாடா?" என்று கேட்டாராம். அன்று அவன் சாப்பிட்டான். இல்லத்திற்கு வந்துபோகும் ஆலோசகர் அதையே பிடித்துக்கொண்டு, "அம்மா வராததற்கு வேறென்ன காரணம் இருந்திருக்கலாம்?" என்று அவனை எண்ணிப் பார்க்கச் செய்தார். பின்னர் எந்தச் செய்தி வந்தாலும், "வேற காரணம் இருக்குமா?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு வந்தது.

இப்போது பிணையில் வீடு திரும்பியிருக்கிறான். இரண்டு கடைகளில் வேலை கேட்டான், இல்லையென்றனர். "வேற காரணம் இருக்குமா சாமி?" என்று நம்மிடம் கேட்டான். என்ன பதில் சொல்வது? காரணம் நமக்குத் தெரியும்; அவனுக்கும் தெரியும்.

மூன்றாவதாக ஒரு பட்டறைக்காரர், "ஒரு மாசம் வரட்டும், பார்ப்போம்" என்றிருக்கிறார். அந்த ஒரு மாதத்தில் அவன் மட்டும் சோதிக்கப்படப் போவதில்லை. காலையில் அவன் தெருவில் நடக்கையில், பழைய பெயரைச் சொல்லாமல், அவன் பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி அழைப்போமா? இந்தப் பாடம் நமக்கும் உரியது.